மகன் சோறு போடுகிறானா என்று கேட்காதீர்கள்

தாலுகா ஆபீஸ் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி ஒரு ஜெராக்ஸ் கடை. அதன் தாழ்வாரத்தில் ஒரு மேசையும் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியும் போட்டு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, வரப்புத் தகராறு, கடைக்காரன் தராத பாக்கி என்று எல்லாமே என் மேசைக்கு வரும். ஆனால் இத்தனை காலத்தில் என் பேனா அதிகம் எழுதிய சொல் எதுவென்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: ‘ஆதரவற்ற’. முதியோர் உதவித்தொகை மனுவில் அது முதல் பத்தியிலேயே வந்துவிட வேண்டும். கூடவே ஒரு வாய்பாடும் உண்டு. ‘எனக்கு யாதொரு ஜீவனோபாயமும் கிடையாது, என்னைப் பராமரிக்க யாரும் இல்லை’ என்று எழுதி, கீழே கைநாட்டோ கையெழுத்தோ வாங்கிக்கொள்வேன்.

எழுதியதை வாசித்துக் காட்டுவது என் வழக்கம். கேட்டுக்கொண்டிருக்கும் கிழவிகளில் சிலர் அந்த வரி வரும்போது தலையைக் குனிந்துகொள்வார்கள். ஒரு அம்மா சண்டைக்கே வந்துவிட்டார். “எம்மகன் திருப்பூர்ல குத்துக்கல்லாட்டம் இருக்கான். அவன் செத்துப்போன மாதிரி எழுதுறியே ரைட்டரே!” மகன் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறான், முடிந்த மாதம் பணம் அனுப்புகிறான், முடியாத மாதம் போன் பேசுகிறான். இதையெல்லாம் எழுதினால் மனு நிற்காது என்று சொல்லிப் பார்த்தேன். “அப்படின்னா அந்தப் பணமே வேணாம்” என்று பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். மனுவுக்காக நான் வாங்கியிருந்த காசைத் திருப்பிக் கேட்கவும் இல்லை.

மாதம் 1,200 ரூபாய் வாங்குவதற்கு ஒரு தாய் தன் பிள்ளையை நாலு பேர் முன்னால் ஒன்றுக்கும் உதவாதவன் என்று சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தக் கேள்வியை அரசாங்கம் எடுத்துவிட வேண்டும் என்பதுதான் என் கட்சி. வயதைப் பாருங்கள், சொத்தைப் பாருங்கள், ரேஷன் கார்டைப் பாருங்கள். வீட்டுக்குள் யார் யாருக்குச் சோறு போடுகிறார்கள் என்பதைப் பார்க்காதீர்கள்.

தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை இன்று நேற்று வந்ததல்ல. காமராஜர் முதல்வராக இருந்த 1962-லேயே தொடங்கிவிட்டது. மத்திய அரசு இதற்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 1995-ல்தான் வந்து சேர்ந்தது. நடுவில் இங்கே விதவைகளுக்கு 1975-லும், விவசாயக் கூலிகளுக்கு 1981-லும், கணவனால் கைவிடப்பட்ட பெண்களுக்கு 1986-லும் தனித்தனித் திட்டங்கள் வந்தன. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் சேலை வேட்டி, ரேஷனில் அரிசி என்றும் சேர்த்தார்கள். 2011-ல் தொகை 1,000 ஆனது, 2023-ல் 1,200 ஆனது. இதையெல்லாம் செய்த அரசுகளுக்கு, எந்தக் கட்சியாக இருந்தாலும், ஒரு கும்பிடு போடலாம். ஆனால் தொகை மாறியதே தவிர, அந்த ‘ஆதரவற்ற’ மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஆபீஸில் அதற்குப் பொருள் இரண்டு: சொந்த வருமானம் இருக்கக் கூடாது, பார்த்துக்கொள்ள ஆளும் இருக்கக் கூடாது. முதலாவதை விசாரிப்பது நியாயம்தான். இரண்டாவதை எந்த அதிகாரியாலும் விசாரிக்க முடியாது. அதை என் தெருவிலேயே பார்த்தேன்.

ஒரு அப்பத்தா, எழுபதைத் தாண்டியவர். மகன் கொத்தனார் கையாள், மருமகள் நூறு நாள் வேலைக்குப் போகிறவள், இரண்டு பேரப்பிள்ளைகள். தனி ரேஷன் கார்டு வாங்கி, தனியாகச் சமைத்துச் சாப்பிடுவதாக மனுவும் கொடுத்தாயிற்று. வருவாய் ஆய்வாளர் (ஆர்.ஐ.) விசாரணைக்கு வருகிறார் என்று தலையாரி முதல் நாளே காதில் போட்டுவிட்டார். விடிந்ததும் மருமகள் கொல்லைச் சாய்ப்பில் மூன்று செங்கல்லைக் கூட்டினாள். மேலே ஒரு அலுமினியச் சட்டியை வைத்தாள். பக்கத்தில் ஒரு தூக்குவாளி, ஒரு டப்பாவில் கொஞ்சம் அரிசி, அரைக்கட்டு முள்விறகு. சாட்சிக்கு நாங்கள் நாலு பேர்.

ஆர்.ஐ. வந்தார். வயதில் சின்னவர், மரியாதை தெரிந்தவர். செருப்பைக் கழற்றிவிட்டுச் சாய்ப்புக்குள் குனிந்து போனார். சட்டியைத் தூக்கிப் பார்த்தார். அடி பளபளவென்று இருந்தது. ஒரு செங்கல்லை எடுத்துத் திருப்பினார். எந்தப் பக்கமும் கரி இல்லை.

“ஏன் ஆத்தா, இன்னைக்கு இன்னும் உலை வைக்கலையா?”

“இன்னைக்கு விரதம் சாமி.”

“நேத்து?”

அப்பத்தா மருமகளைப் பார்த்தார். மருமகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆர்.ஐ. செங்கல்லைப் பழையபடியே வைத்துவிட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். உள்ளே கேஸ் அடுப்பில் போட்ட காபி வந்தது. குடித்தார். ‘தனித்து வசிக்கிறார், பராமரிக்க யாரும் இல்லை, பரிந்துரைக்கப்படுகிறது’ என்று எழுதிக்கொண்டு போனார்.

அந்த வீட்டில் அன்றைக்கு எல்லோரும் பொய் சொன்னார்கள், அதிகாரி உட்பட. யாரும் கெட்டவர்கள் இல்லை. அப்பத்தாவுக்கு அந்தப் பணம் வேண்டும், வேண்டும் என்பது அதிகாரிக்கும் தெரியும். நடுவில் ஒரு விதி நிற்கிறது, அதைத் தாண்டுவதற்கு ஒரு நாடகம். அந்த ஆர்.ஐ. இரக்கமுள்ளவர். அடுத்து வருபவர் செங்கல்லில் கரி இல்லை என்று எழுதிவிட்டுப் போனாலும் அவரைக் குறை சொல்ல முடியாது, விதி அவர் பக்கம்தான் இருக்கும்.

இதற்கு நேர் எதிர் கதையும் என்னிடம் உண்டு. இன்னொரு கிராமம், அதே மாதிரி விசாரணை, சுற்றிலும் அக்கம்பக்கத்துக்காரர்கள். “மகன் பாத்துக்கிறானா பாட்டி?” என்று கேட்டதும் அந்தப் பாட்டி நிமிர்ந்து, “ராசா மாதிரி பாத்துக்கிறான்யா” என்று சொல்லிவிட்டார். மகன் குடிகாரன். ஊருக்கே தெரியும், பாட்டி பல நாள் பக்கத்து வீட்டுக் கஞ்சியில்தான் பொழுதைக் கழிக்கிறார். ஆனால் அந்தப் பக்கத்து வீட்டுக்காரியும் அங்கேதானே நின்றுகொண்டிருந்தாள்? அவள் முன்னால் எப்படிச் சொல்வார்? மனு தள்ளுபடி ஆனது. காரணம், மகனின் ஆதரவு உள்ளது. நல்ல பிள்ளை பெற்றவருக்குப் பணம் கிடைத்தது, கெட்ட பிள்ளை பெற்றவருக்குக் கிடைக்கவில்லை. வாய் கூசாமல் சொல்பவர் தேறுகிறார், கூசுபவர் தோற்கிறார். ஏழையைக் கண்டுபிடிக்க இதைவிட மோசமான சல்லடை இருக்க முடியாது.

‘யாரைச் சார்ந்து இருக்கீங்க?’ என்று கேட்டால் எங்கள் பக்கத்தில் யாரும் நேராகப் பதில் சொல்ல மாட்டார்கள். அந்த நிலைமைக்கு ஒரு படிக்கட்டே இருக்கிறது. ‘மகன்கிட்ட இருக்கேன்’ என்றால் கௌரவம், சாப்பாட்டுக்குக் குறையில்லை. ‘மகன் நெழல்ல இருக்கேன்’ என்றால் வீடு கொடுத்திருக்கிறான், கைச்செலவுக்கு ஒன்றும் இல்லை. ‘மருமக கையப் பாத்துக்கிட்டு இருக்கேன்’ என்றால் வெற்றிலைக்குக்கூடக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். மகள் வீட்டில் இருப்பவர் எத்தனை வசதியாக இருந்தாலும் ‘ஒண்டிக்கிட்டு இருக்கேன்’ என்பார், அது தன் இடம் இல்லை என்ற எண்ணம் போகாது. அதற்கும் கீழே ‘அண்டிப் பொழைக்கிறேன்’. அது உறவே இல்லாத வீட்டு வாசல். ஆம்பளைகள் வேறு சாதி. மூன்று வேளையும் மகன் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்து, “நான் எவன் கையையும் எதிர்பாக்கிறதில்லை, எழுதுங்க” என்பார்கள்.

ஒரே ஆளே ஆறு மாதத்துக்குள் இந்தப் படிகளில் ஏறி இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். மகனுக்கு வேலை இருந்தால் ஒரு படி, மழைக்காலத்தில் கட்டட வேலை நின்றால் வேறு படி, மருமகளோடு வாய்த்தகராறு என்றால் இன்னொரு படி. விண்ணப்பத்தில் இதற்கெல்லாம் இருப்பது ஆம், இல்லை என்ற இரண்டே பதில்.

இந்தக் கேள்வியை எடுத்தால் வானம் இடிந்து விழாது என்பதற்கு ஆதாரம் வெளியூரில் தேட வேண்டாம். 1995-ல் மத்திய அரசுத் திட்டம் தொடங்கியபோது, குடும்பத்தாரிடமிருந்தும் பண உதவி வராதவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதிலும் இருந்தது. 2007-ல் அதை மாற்றி, வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள குடும்பமா என்று மட்டும் பார்த்தால் போதும் என்றார்கள். (அதே கையோடு தொகையையும் கவனித்திருக்கலாம். எண்பது வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மத்திய அரசின் பங்கு அன்றும் மாதம் 200 ரூபாய், இன்றும் 200 ரூபாய். இங்கே கிடைக்கும் 1,200-ல் மீதியைப் போடுவது மாநில அரசு.) வறுமைக் கோட்டுப் பட்டியலில் ஓட்டைகள் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் குடும்பம் ஏழையா என்று கேட்பதும், உன் மகன் உன்னைக் கைவிட்டானா என்று கேட்பதும் ஒன்றல்ல.

இன்னும் பக்கத்து உதாரணம், 2023 செப்டம்பரில் காஞ்சிபுரத்தில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை. ஒரு கோடிக்கு மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000. அந்த விண்ணப்பங்கள் நிறைய என் மேசையிலும் பூர்த்தியாயின. ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள்ளா, நிலம் எவ்வளவு, கரண்டு எத்தனை யூனிட் என்று கேட்டார்கள். புருஷன் செலவுக்குக் கொடுக்கிறானா என்று ஒரு இடத்திலும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தமிழ்நாடே கொதித்திருக்கும், சரிதானே? முப்பது வயதுப் பெண்ணிடம் கேட்கக் கூசிய கேள்வியை எழுபது வயதுப் பெண்ணிடம் மட்டும் எப்படிக் கூசாமல் கேட்கிறோம்? முதியோர் உதவித்தொகை வாங்குகிறவருக்கு அந்த உரிமைத் தொகை கிடையாது என்றும் விதி வைத்தார்கள். அதனால் அறுபதை எட்டப்போகிற சில பெண்கள், எதில் இருப்பது லாபம் என்று என்னிடம் கணக்குக் கேட்க வருகிறார்கள். ஒரு பக்கம் உரிமை, மறுபக்கம் 200 ரூபாய் அதிகம், ஆனால் செங்கல் அடுப்பு கூட்ட வேண்டும்.

சர்க்கார் உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்ற பெரியவர்களும் என்னிடம் மனு எழுத வருவார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் பெங்களூரிலும் அமெரிக்காவிலும் நன்றாக இருக்கிறார்கள். உங்கள் மகன் சம்பாதிக்கிறான், அதனால் பென்ஷன் கிடையாது என்று கருவூலத்தில் யாரும் அவர்களிடம் சொல்வதில்லை, சொல்லவும் கூடாது. அது அவர்கள் உழைத்த உழைப்புக்கு. நாற்று நட்டவளும் கல் உடைத்தவனும் அறுபது வயது வரை சும்மாவா உட்கார்ந்திருந்தார்கள்? உழைப்பு வேறு வேறு என்று வாதாடலாம், தொகையிலும் அந்த வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும் இருக்கிறது. கேள்வியிலாவது வித்தியாசம் வேண்டாம்.

இதில் இன்னொரு வேடிக்கை. 2007-ல் வந்த பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி, பெற்றோரைப் பார்த்துக்கொள்ளாத பிள்ளை மீது கோட்டாட்சியரிடம் மனு போடலாம். மாதம் 10,000 ரூபாய் வரை கொடுக்கச் சொல்லி அவர் உத்தரவு போடலாம். முதியவரை எங்காவது விட்டுவிட்டுக் கைகழுவினால் மூன்று மாதம் வரை சிறை என்றும் அதில் இருக்கிறது. பிள்ளைக்கு எழுதிக் கொடுத்த சொத்தைத் திரும்ப வாங்கவும் வழி இருக்கிறது. 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்துத் தாய் ஒருவரின் வழக்கில், மகனுக்குக் கொடுத்த தானப் பத்திரம் செல்லாது என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. ஆக, ஒரு அறையில் ‘இவரைப் பராமரிக்க யாரும் இல்லை’ என்று வருவாய்த் துறை எழுதிக்கொடுக்கிறது. மாடி ஏறினால், பராமரிக்காதவனைக் கூண்டில் ஏற்ற அதே துறை தயாராக இருக்கிறது. இரண்டு காகிதத்தையும் யாராவது ஒன்றாக வைத்துப் பார்த்தால் என்ன ஆகும் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு.

அந்தச் சட்டம் வேண்டும். சொத்தைப் பிடுங்கிக்கொண்டு அப்பனைத் தெருவில் விட்டவனுக்கு அதுதான் சரி. ஆனால் என் அனுபவத்தில், அந்த மனுவை எழுதச் சொல்லிக் கேட்கும் தாய்மாரில் பாதிப் பேர் கையெழுத்துப் போடும் நேரத்தில் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறார்கள். மடித்து மடியில் சொருகிக்கொண்டு, “அவன் காதுக்குப் போகட்டும், அது போதும்” என்று எழுந்து போகிறார்கள். நாளைக்குக் கொள்ளி வைப்பவன் மேல் கேஸ் போட மனசு வராது. அப்படிப்பட்டவர்களுக்கு மிஞ்சுவது இந்த 1,200-தான்.

ஆபீஸில் உள்ள நண்பர்களிடம் இதைப் பேசினால் இரண்டு பதில் வரும். முதல் பதில், செலவு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் பத்துப் பேருக்கு ஒருவர் அறுபதைத் தாண்டியவர், இப்போது இன்னும் கூடியிருக்கிறது. உண்மைதான், செலவு கூடும். ஆனால் செலவைக் கட்டுப்படுத்த வருமான உச்சவரம்பு இருக்கிறது, நில அளவு இருக்கிறது, கரண்டு பில் இருக்கிறது. இவை எல்லாம் கம்ப்யூட்டரில் பார்க்கக் கூடியவை. ஆளை அனுப்பி அடுப்பைப் பார்க்க வேண்டியதில்லை. பணம் போதாது என்றால் வெளிப்படையாகச் சொல்லி, வயதில் மூத்தவர்களுக்கு முதலில் என்று வரிசை வையுங்கள். ஆனால் அந்த வயதும் ஆதாரில் சரியாக இருக்க வேண்டும். என்னிடம் வருகிறவர்களில் ஏகப்பட்ட பேர் ஜனவரி 1-ம் தேதி பிறந்தவர்கள்! அது கேம்ப்பில் ஆதார் எடுத்தவர் உத்தேசமாகப் போட்ட தேதி. அதைத் திருத்தித் தருவதற்கும் ஒரு வழி செய்ய வேண்டும்.

இரண்டாவது பதிலைத்தான் நான் கொஞ்சமும் ஏற்கவில்லை. சர்க்கார் கொடுத்துவிட்டால் பிள்ளைகள் பொறுப்பைத் தட்டிக்கழிப்பார்கள் என்கிறார்கள். நான் பார்த்தது வேறு. அந்த அப்பத்தாவுக்குப் பணம் வர ஆரம்பித்த பிறகு வீட்டில் என்ன நடந்தது என்று சொல்கிறேன். வங்கி முகவரான ‘வங்கி நண்பர்’ மாதம் ஒருமுறை கைமெஷினோடு தெருவுக்கு வருவார். பாத்திரம் தேய்த்தே தேய்ந்துபோன விரல், ரேகை லேசில் விழாது. விரலைத் துடைத்துத் துடைத்து வைத்து, ஒரு வழியாகப் பணம் கைக்கு வரும். மூட்டுவலித் தைலத்துக்கும் வெற்றிலை பாக்குக்கும் எடுத்துக்கொண்டு, பேத்தியின் டியூஷனுக்குக் கொஞ்சம் கொடுப்பார். மீதி முடிச்சில் இருக்கும்.

அந்த வருடம் ஒரு காதுகுத்துக்கு நானும் போயிருந்தேன். மொய் எழுதும் இடத்தில் கூட்டம். மகன் 500 ரூபாய் எழுதிவிட்டு நகர்ந்தான். பின்னால் நின்ற அப்பத்தா முடிச்சை அவிழ்த்து நூறு ரூபாயை நீட்டி, தன் பெயரைச் சொன்னார். எழுதுபவர் நிமிர்ந்து, “மகனோடது எழுதியாச்சே ஆத்தா” என்றார். “அது அவன் மொய். இது என் மொய். ஊர் பேரையும் சேத்து எழுது” என்று நின்று எழுதவைத்துவிட்டுத்தான் பந்திக்குப் போனார். புருஷன் போனதிலிருந்து எந்த மொய் நோட்டிலும் அவர் பெயர் ஏறியதில்லை. மகன் அதன் பிறகு அவரைக் கைவிட்டானா? வீட்டில் ஒரு விசேஷம் என்றால் இப்போது அம்மாவிடமும் ஒரு வார்த்தை கேட்கிறான்.

விதியை மாற்ற சட்டசபை கூட வேண்டியதில்லை, ஓர் அரசாணை போதும். அது வரும் வரைக்கும் உடனே செய்யக்கூடிய ஒன்றையும் கேட்கிறேன். மறு ஆய்வு என்ற பெயரில் வாங்கிக்கொண்டிருப்பவர்களை நிறுத்தும்போது யாருக்கும் தகவல் சொல்வதில்லை. வங்கி நண்பரின் மெஷின் பணம் ஏறவில்லை என்று காட்டினால்தான் பாட்டிக்குத் தெரிகிறது. அவரும் அடுத்த மாதம் வரும், அதற்கடுத்த மாதம் வரும் என்று காத்திருந்துவிட்டு, பிறகுதான் என் மேசைக்கு வருகிறார். என்ன காரணத்துக்காக நிறுத்தினார்கள் என்று தெரியாமல் நான் என்னவென்று மனு எழுதுவது? நிறுத்துவதற்கு ஒரு மாதம் முன்பே காரணத்தைத் தமிழில் எழுதி, தலையாரி மூலம் கையில் கொடுத்துவிடுங்கள். ‘மகன் ஆதரவு உள்ளது’ என்பதுதான் காரணம் என்றால், அதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள், யாரிடம் விசாரித்தீர்கள் என்பதையும் அதிலேயே எழுதுங்கள்.